அக்காவுக்கு ஒரு நிமிடம்

அன்புள்ள வசந்தி,

இங்கே நலம். நீயும் நலம்தான் என்று உன் கடிதமே சொல்கிறது. தன் அம்மாவுக்குச் சொல் தடுமாறுகிறது என்ற சேகரின் புலம்பலைப் பக்கம் பக்கமாக எழுதத் தெம்பு இருக்கிறதே! பதில் தாமதமானதற்குத் திட்டாதே. அக்காவை நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப் போயிருந்தேன்.

அக்கா பேச ஆரம்பித்தால் நமக்கு என்றைக்காவது முறை வந்திருக்கிறதா? இப்போது பாதி வாக்கியத்தில் 'அது... அந்த இது...' என்று நிறுத்திவிட்டுக் கையை ஆட்டுகிறாள். வீட்டில் எல்லோரும் வயசு என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

"ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர் சொல்ல முடியுமோ சொல்லுங்கள்" என்றார் மருத்துவர். நாய், பூனை, மாடு, ஆடு என்று விறுவிறுவென்று ஆரம்பித்தாள். சிங்கம், புலி. அதோடு நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நாய், மறுபடி மாடு. நம்ம அக்காவடி! எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அடுத்து 'ப' என்று தொடங்கும் சொற்களைக் கேட்டார். அதில் பரவாயில்லாமல் சொன்னாள், நானும் மூச்சு விட்டேன். ஆனால் மருத்துவரின் கவலை அங்கேதான் கூடியது.

பொதுவாக எழுத்தைவிட விலங்குதான் எல்லோருக்கும் சுலபமாக வருமாம். அல்சைமர் என்கிற மறதி நோயில் பெரும்பாலும் விலங்குதான் முதலில் சரிகிறது. எழுத்தை வைத்துத் தேடுவதற்கு மூளையின் முன்பகுதி அதிகம் உழைக்கிறது. விலங்குகளைத் தேடப் பொருள் தொடர்புகள் வேண்டும். அவற்றுக்குக் காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டுப் பக்கத்தில் இருக்கும் மூளைப்பகுதி முக்கியம். அந்தத் தொடர்புகள் இந்த நோயில் சீக்கிரமே நைந்துபோகின்றன.

எண்ணிக்கை மட்டும் போதாது என்பதுதான் எனக்குப் புதிய விஷயம். வீட்டு விலங்குகள் தீர்ந்ததும் காட்டுக்குப் போக வேண்டும், அப்புறம் கடலுக்கு. ஒரு கூட்டத்துக்குள் அடுத்தடுத்துச் சொல்வது ஒரு திறன், இன்னொரு கூட்டத்துக்குத் தாவுவது வேறு திறன். ஆஞ்செலா டிராயர் என்ற நரம்பு உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1997-இல் இதைப் பிரித்துக் காட்டினார்கள். அக்கா காட்டைத் தாண்டி அடுத்த கூட்டத்துக்குத் தாவுகிற இடத்தில்தான் நின்றாள்.

இப்போது சேகர் விஷயம். தன் அம்மாவுக்கு வாராவாரம் செல்போனில் நேரம் வைத்து இதே சோதனை நடத்தப் போகிறானாமே? தயவுசெய்து தடுத்து நிறுத்து. திரும்பத் திரும்பக் கேட்டால் பதில் பழகிவிடும், அப்புறம் மருத்துவர் கேட்கும்போது உண்மை நிலை தெரியாது. அதைவிட, பெற்ற பிள்ளை எதிரே கடிகாரத்தோடு உட்கார்ந்தால் அந்த அம்மா பதறிப்போய்த் தெரிந்ததையும் விட்டுவிடுவார். மனச்சோர்வு, தைராய்டு, வைட்டமின் பி12 குறைபாடு, காது மந்தம் எதுவானாலும் சொல் குறையலாம். குறைவாகப் படித்தவர்களுக்கு இயல்பாகவே மதிப்பெண் குறையும். பழகாத மொழியில் கேட்டாலும் அப்படித்தான்.

நினைவையும் சிந்தனையையும் அளக்க மருத்துவர்கள் நடத்தும் மோகா என்கிற சோதனையை எடுத்துக்கொள். மொத்தம் 30 மதிப்பெண். ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் 11-ஆவது சொன்னால் அதில் ஒரே ஒரு மதிப்பெண். அவ்வளவுதான் அதன் எடை! அதை மட்டும் வைத்து அம்மாவுக்கு டிமென்ஷியா, அதாவது நினைவும் சிந்தனையும் குறைகிற நோய், என்று இவன் எப்படி முடிவு கட்டலாம்? அக்காவுக்கே மருத்துவர் இன்னும் நோயின் பெயரைச் சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனை, காது, ஸ்கேன் எல்லாம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

சேகர் செய்ய வேண்டியது வேறு. அம்மா எந்தச் சொல்லில் தடுமாறுகிறார், எப்போதிலிருந்து, சாப்பிடும் மாத்திரைகள் என்ன, தூக்கம் எப்படி என்று எழுதி எடுத்துக்கொண்டு, அம்மா வீட்டில் பேசுகிற மொழி தெரிந்த மருத்துவரிடம் போகட்டும். நான் சொன்னால் சண்டைக்கு வருவான். நீ சொன்னால்தான் கேட்பான், இன்றைக்கே பேசு.

ஸ்கேன் முடிவு வந்ததும் எழுதுகிறேன். அக்கா உன்னை விசாரித்தாள், பெயர் சொல்லியே விசாரித்தாள். சீக்கிரம் ஒரு நடை வந்துவிட்டுப் போ.

அன்புடன்,
கமலா