வரிச்சிறகுப் பூச்சி நம் எதிரி அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் வேளாண் பக்கத்தில் மிளகாய் இலைப்பேன் பற்றிய கட்டுரை வந்தது. கட்டுரையில் குறை சொல்ல அதிகமில்லை. படத்துக்குக் கீழே ஒரு வரி போட்டிருந்தீர்கள்: "சிறகில் கருப்பு வரி தெரிந்தால் தாமதிக்காமல் மருந்து அடிக்கவும்." அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

படத்தில் இருந்தது மிளகாயைக் கெடுக்கும் பூச்சியே அல்ல. வெள்ளைச் சிறகு, குறுக்கே இரண்டு கருப்புப் பட்டை, நுனி உருண்டை. அது ஏலோத்ரிப்ஸ், வரிச்சிறகு கொண்ட வேறொரு இலைப்பேன் வகை. மகரந்தமும் தின்னும், ஆனால் இலைப்பேன் குஞ்சையும் சிலந்திப்பேனையும் பிடித்துச் சாறு உறிஞ்சுவதுதான் அதன் பிழைப்பு. நமக்காக வேலை செய்கிற ஒன்றைக் காட்டி, கொல்லுங்கள் என்று எழுதிவிட்டீர்கள்.

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் எங்கள் கொல்லையில் மிளகாயும் கத்திரியும் வைக்கிறோம். காலையில் ஒரு பூவை வெள்ளைத்தாள் மேல் தட்டி, பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். வெளிர்மஞ்சளாக, கண்ணுக்கே தட்டுப்படாத அளவில் ஊர்வது மிளகாய் இலைப்பேன். கரும்பழுப்பாக இருந்தால் 2021-ல் ஆந்திரா, தெலங்கானா மிளகாயைச் சூறையாடிய த்ரிப்ஸ் பார்விஸ்பினஸ் என்னும் இன்னொரு இலைப்பேன் என்று சந்தேகிக்கலாம். அதன் சிறகும் கருமைதான், ஆனால் அடிப்பக்கம் மட்டும் வெளுத்திருக்கும். சிறகு ஒடுங்கி, நுனி கூராக முடியும். குறுக்குப் பட்டை கிடையாது. வரிச்சிறகுக்காரனுக்குச் சிறகு அகலம், தாளில் விழுந்ததும் விறுவிறுவென்று ஓடும். அந்த 2021-க்குப் பிறகு பூவுக்குள் கருப்பாக எது தெரிந்தாலும் மக்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில்தான் உங்கள் வரி போய் விழுந்திருக்கிறது.

வரிச்சிறகிலேயே இனத்தை இனத்திலிருந்து பிரிப்பது கடினம், ஒப்புக்கொள்கிறேன். லின்னேயஸ் 1758-ல் பெயரிட்ட ஃபாசியேட்டஸும், பாக்னால் 1934-ல் பெயரிட்ட இன்டர்மீடியஸும் ஆகிய இரண்டு வரிச்சிறகு இனங்கள் ஐரோப்பாவிலேயே ஒன்றுக்கொன்று மாறிப் பதிவாகியிருக்கின்றன. கண்ணாடித் தகட்டில் ஏற்றி, உணர்கொம்பின் கணுக்களை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் முடிவு சொல்ல முடியும். அதை விவசாயியிடமோ உங்களிடமோ யார் கேட்டார்கள்? பயிரைத் தின்பது எது, அதைத் தின்பது எது என்று பிரிக்க லென்ஸே போதும். டி.என். அனந்தகிருஷ்ணன் சென்னையில் இருந்துகொண்டு இலைப்பேன் ஆய்வில் உலகமே மதிக்கும்படி உழைத்தவர். அது தங்களுக்குத் தெரியாததல்ல. அவர் இருந்த நாட்டில் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு இந்தப் படத்தைச் சரிபார்க்க ஆள் கிடைக்கவில்லை என்றால் மனசு வலிக்கிறது.

இது முதல் தடவையும் அல்ல. பொறிவண்டுப் புழுவை 'செடியை அழிக்கும் முள்புழு' என்று போட்டீர்கள். அசுவினியைத் தின்று தீர்க்கும் புழு அது. அப்புறம் மிளகாய் இலைச்சுருட்டைக்கு ஒரே மருந்து என்று ஒரு பெட்டிச்செய்தி. இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் மஞ்சள் சிலந்திப்பேன், இரண்டுக்கும் மருந்து வேறு என்று அப்போதே கடிதம் போட்டேன். வெளியாகவில்லை. ஒரு பதில்கூட வரவில்லை. இடமில்லை என்று நினைத்துக்கொண்டேன், ஆனால் அதே பக்கத்தில் மருந்து விளம்பரத்துக்கு அரைப்பக்கம் இருந்தது.

பக்கத்துக் கொல்லைக்காரர் உங்கள் பத்திரிகையை நம்புகிறவர். பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்கே போய்விட்டார். கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு பைரித்ராய்டு என்ற வகைப் பூச்சிமருந்து பாட்டில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அடித்தாயிற்று. இப்போது அவர் மிளகாயில் கொழுந்து இலைகள் கீழ்நோக்கி வளைந்து, காம்பு நீண்டு நிற்கின்றன. சிலந்திப்பேன் ஏறிவிட்டது. அதைத் தின்னும் பூச்சிகளைக் கொன்றுவிட்டால் வேறென்ன நடக்கும்? அடுத்த மருந்துக்குப் பணம் புரட்ட அவர் கடன் கேட்டு அலைகிறார்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த வாரம் அதே பக்கத்தில், அதே அளவில் ஒரு திருத்தம் போடுங்கள். வரிச்சிறகின் படத்தையும் மிளகாய் இலைப்பேன் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதற்கு மருந்து அடிக்கக் கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். படம் தேவைப்பட்டால் விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, அங்கே கேட்கலாம். மூலையில் நாலு வரியாகப் போட்டுவிடாதீர்கள், அதை யாரும் படிக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
அணைக்கட்டு, வேலூர் மாவட்டம்.