கழுத்துக் குழாயோடு தொடங்கும் டயாலிசிஸ்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். வாரத்தில் இரண்டு நாள், சிறுநீரகம் பழுதான அண்ணனை அரசு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவுக்கு அழைத்துச் சென்று, நான்கு மணி நேரம் வெளிப் பெஞ்சில் காத்திருந்து வீட்டுக்குக் கூட்டி வருபவன் நான். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இல்லையென்றால் எங்கள் வீடு என்றோ கடனில் மூழ்கியிருக்கும். அந்த நன்றியை முதலில் சொல்லிவிட்டே இதை எழுதுகிறேன்.

அண்ணனுக்கு நெடுநாளாக இரத்த அழுத்தம். மாத்திரையைத் தவறவிட்டவர் அல்லர். ஆயினும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனையான கிரியேட்டினின் என்ற சொல்லை அவர் முதன்முதலில் கேட்டது, கால் வீங்கி, மூச்சு வாங்கி, நள்ளிரவில் அவசரப் பிரிவில் கிடந்தபோதுதான். அன்றிரவே கழுத்தில் தற்காலிகக் குழாய் செருகி டயாலிசிஸ் தொடங்கினார்கள். அக்குழாய் வழியே கிருமி புகுந்து, குளிர்நடுக்கத்தோடு மறுபடியும் படுக்கையில் விழுந்தார். பெஞ்சில் என்னருகே அமர்வோர் பலரும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள். பெரும்பகுதி பழுதாகும்வரை வலியே காட்டாத உறுப்பு சிறுநீரகம் என்பதால், நோயாளியின் கவனக்குறைவு என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா வைத்துவிட்டால் கழுத்துக் குழாய்க்குத் தேவை இராது. ஆனால் அது ஊசியைத் தாங்கும் அளவு முதிர ஆறு வாரமேனும், சிலருக்குச் சில மாதங்களும் ஆகும். நள்ளிரவில் வந்து சேர்பவரிடம் அந்த அவகாசம் ஏது?

2023-இல் ஆரம்ப சுகாதார நிலையங்களில், சிறுநீரகப் பழுதின் அறிகுறியாகச் சிறுநீரில் புரதம் வெளியேறுகிறதா என்று பார்க்கும் திட்டத்தை அரசு தொடங்கியது. அண்ணனுக்கு அது பிந்திவிட்டது, மற்றவர்க்கு நல்லது. எனினும், சிறுநீரில் தோய்க்கும் பரிசோதனைக் குச்சியின் நிறம் மாறியவர் அதன்பின் எங்கே போனார் என்பதை யார் பார்ப்பது? அவர் பெயரைத் தனிப் பதிவேட்டில் ஏற்றி, கிரியேட்டினின் பார்க்க மீண்டும் அழைத்து, வராதவரைத் தேடிச் சென்று, டயாலிசிஸ் நெருங்குகிறது எனத் தெரிந்தவுடன் ஃபிஸ்டுலாவுக்கு அனுப்பும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வரும் மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்களுக்கு அந்த வீடுகளின் வாசல் ஏற்கெனவே தெரியும்.

இன்னொன்று. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்வதே முறை என்பது எங்களுக்கும் தெரியும். சிகிச்சை இலவசமானாலும், மூன்றாவது நாளின் பேருந்துச் செலவும் இருவரின் கூலியும் எங்கள் கையிலிருந்துதான் போகின்றன. அதனால் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறோம். வயிற்றுக்குள் திரவத்தைச் செலுத்தி வீட்டிலேயே செய்துகொள்ளும் பெரிடோனியல் டயாலிசிஸுக்கான பைகள், அதே மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு தேடி வரும் என்பதை நான் அறிந்தது ஒரு தேநீர்க் கடையில். எல்லோர் உடலுக்கும் அது ஒத்துவராது என்பதை ஏற்கிறேன். ஒத்துவருமா என்று மருத்துவர் பார்த்துச் சொல்வதும், இரண்டு வழிகளையும் நோயாளியிடம் தமிழில் விளக்குவதும், முதல் டயாலிசிஸுக்கான கையொப்பம் வாங்குவதற்கு முன்பே நடக்க வேண்டும் என்று வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் தம்பி