சளி இன்னும் விடலையா பாப்பா

பாப்பாவுக்கு,

போன ஞாயித்துக்கிழமையும் உனக்கு குரல் கட்டியிருந்துச்சு. கேட்டா சளிம்மாங்கற. தை மாசம் ஆரம்பிச்ச சளி, சித்திரை முடியப் போகுது. முப்பத்தோரு வருஷம் வார்டுல நின்னவ நான், எந்தச் சளி எத்தன நாள் இருக்கும்னு எனக்குத் தெரியாதா. சரி, சளியாவே இருக்கட்டும். பால்ல மிளகு தட்டிப் போட்டு குடி, ஆவி பிடி, ஈரத்தலையோட வெளிய போகாத.

மாமா வீட்டு கிரகப்பிரவேசம் நல்லபடியா முடிஞ்சுது, அத அப்புறம் எழுதறேன்.

மாடி வீட்டுப் பையன் மெடிக்கல் காலேஜ்ல படிக்கிறான்ல, அவன்ட்ட சும்மாதான் கேட்டேன், ஏண்டா தனியா இருக்கறவங்களுக்கு சளி ஜாஸ்தி பிடிக்குமான்னு. அவன் சிரிக்கல. உன் ஊரு பிட்ஸ்பர்க்லயே இதப் பாத்திருக்காங்களாம் ஆன்ட்டின்னான். கார்னகி மெலன் யுனிவர்சிட்டில ஷெல்டன் கோஹன்னு ஒருத்தர், 1997-ல வந்த ஆராய்ச்சி. நல்லா திடமா இருந்த 276 பேர் மூக்குல சளி வைரஸ சொட்டு சொட்டா விட்டு, தனியா தங்க வச்சு கவனிச்சிருக்காங்க. எல்லாருக்கும் ரெண்டு வகை வைரஸ்ல ஏதாவது ஒண்ண விட்டாங்களாம். ஆனா ரெண்டு வாரத்துக்கு ஒருக்காவாவது பேசற உறவு, புருஷன், அப்பா அம்மா, பக்கத்து வீடு, ஆபீஸ், கோயில் இப்படி, அது ஆறு விதமாவது இருந்தவங்களவிட மூணுக்கு மேல இல்லாதவங்களுக்கு சளி பிடிக்கறது நாலு மடங்குக்கு மேலயாம். எத்தன பேருங்கறது இல்ல, எத்தன விதம்ங்கறதுதான் கணக்கு.

அவன் போனதும் உனக்கு விரல் விட்டு எண்ணினேன். நான் ஒண்ணு. ஆபீஸ் ஒண்ணு. மூணாவது விரல்ல வந்து நின்னுட்டேன். அத மடக்கறதா வேணாமான்னு நீதான் சொல்லணும். சொல்லலன்னாலும் பரவால்ல, நான் கேக்கல.

பென் ஹில்ஸ் பெருமாள் கோயிலுக்கு முன்னல்லாம் வாரா வாரம் போவியே, புளியோதரை போட்டோ கூட அனுப்புவ, இப்ப ஏன் போறதில்ல? எதிர் ஃப்ளாட் குஜராத்திக்காரம்மா ரெண்டு தடவ டப்பால ஏதோ கொண்டாந்தாங்கன்னு நீதான் சொன்ன. திறந்து பாத்தியா, இல்ல ஃப்ரிட்ஜ்லயே இருக்கா. சொந்தக் கால்ல நிக்கறேன்னு காட்டறதுக்காக யாரையும் வாசல்லயே நிறுத்தாத. நீ வீடு வாங்கினது, டீம் லீட் ஆனது எல்லாம் எனக்குப் பெருமைதான், தெரு பூரா சொல்லியாச்சு. ஆனா மூணு தடவ ஃபோன கட் பண்ணிட்டு "மீட்டிங்"னு மெசேஜ் போட்டா அந்தப் பெருமைய வச்சுகிட்டு நான் என்ன பண்ண.

பிரசவ வார்டுல நான் கண்ணால பாத்தது சொல்றேன். முதல்ல கூட வந்தவங்க எல்லாரும் கேட்டுக்கு வெளியதான் நிக்கணும். உள்ள அந்தப் பொண்ணு தனியா கத்திகிட்டு கிடக்கும். பயந்தா அட்ரினலின் ஏறும், வர்ற வலி அப்படியே தணிஞ்சு போயிடும், அப்புறம் டிரிப் போடு, டாக்டர கூப்பிடுன்னு ஆகும். 2004 வாக்குல கூட ஒரு பொம்பள ஆள உள்ள விடலாம்னு ஆர்டர் வந்துச்சு. நான்தான் முதல்ல முணுமுணுத்தேன், கூட்டம் சேரும், இன்ஃபெக்ஷன் ஆகும்னு. வந்த அம்மாவோ மாமியாரோ பெருசா ஒண்ணும் பண்ணல. இடுப்ப தேச்சு விட்டாங்க, ஒரு வாய் தண்ணி குடுத்தாங்க, இந்தா ஆச்சு இந்தா ஆச்சுன்னாங்க. அதுக்கே வலி ஒழுங்கா வரும், சீக்கிரம் பிறந்துடும், ஆபரேஷனும் குறையும்.

ஊர்ப் பொண்ணுங்களுக்கெல்லாம் கைய பிடிச்சவதான் நான். உனக்குப் பிடிக்கல.

அப்பாவோட பதினாறாம் நாள் முடிஞ்ச மறுநாள் நித்யா டிபன் கேரியர்ல இட்லி எடுத்துகிட்டு வந்தா. உள்ள நீ அழுதுகிட்டிருந்த. பப்ளிக் எக்ஸாம் இருக்கு, ரெண்டு பேரும் சேந்தா அழுதுகிட்டேதான் இருப்பீங்கன்னு கேட்லயே நிறுத்தி கேரியர மூடி கூட திறக்காம திருப்பி அனுப்பிட்டேன். உன்கிட்ட யாரும் வரலன்னு சொன்னேன். அப்புறம் நைட் டியூட்டிக்குப் போயிட்டேன், போகாம இருந்திருக்கலாம், லீவு இருந்துச்சு. வீட்ல உக்காந்தா நானும் அழுதுடுவேன்னுதான் போனேன். நீ 1128 வாங்கின. எல்லாரும் என் வளப்ப மெச்சினாங்க, நானும் தலையாட்டினேன். அழறதுக்கு கதவ சாத்திக்கணும்னு உனக்கு நான்தான் காட்டிக் குடுத்தேன், இப்ப சளி சளின்னா உன்ன எப்படி திட்டுவேன்.

முந்தாநேத்து நித்யா அம்மா வீட்டுக்குப் போனேன். உக்கார வச்சு காபி குடுத்தாங்க. கேரியர் பத்தி நான்தான் பேச்செடுத்தேன். அவங்களுக்கு ஞாபகமே இல்ல, நித்யாவுக்கு இருக்கும்னாங்க. அவ இப்ப கொலம்பஸ்ல இருக்காளாம், உன் ஊர்லருந்து கார்ல மூணு மணி நேரம்தானாமே. நம்பர் வாங்கிட்டேன், இதுக்கு அடுத்த மெசேஜா அனுப்பறேன். நான் குடுத்தேன்னு அவகிட்ட சொல்லிடு.

அம்மா