தடகளத்துக்கும் நிகழ்ச்சி நிரல் போடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தடகளப் போட்டியை நேரில் போய்ப் பார்ப்பது வீண் செலவு, டிவியில்தான் எல்லாம் தெளிவாகத் தெரியும் என்று உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் எழுதியிருந்தார்கள். கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் அது சரி. அங்கே இருப்பது ஒரே பந்து, கேமரா அதன் பின்னால் போனால் போதும். தடகளத்தில் ஒரே நேரத்தில் நாலு மூலையில் நாலு போட்டி நடக்கும். கேமரா ஏதோ ஒன்றைக் காட்டும். அந்த ஒன்றில் பெரும்பாலும் நம் ஆள் இருக்க மாட்டார்.

2023 ஆகஸ்டில் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் நடந்த உலகத் தடகளப் போட்டிக்குப் போயிருந்தேன். தோல் ஷூ ஏற்றுமதியில் வேலை என்பதால் ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசா எடுப்பது எனக்குப் புதிதில்லை. ஆனால் இந்த முறை சொந்தக் காசு, சொந்த லீவு. விஷயம் தெரிந்ததும் இங்கே வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் என் பெரியம்மா கேட்டது: "ஓடறவனுக்கு மெடல் தராங்க. பாக்கப் போற உனக்கு இன்னா தராங்க?" நியாயமான கேள்விதான். அவருக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 24 மாலை, ஆண்கள் நீளம் தாண்டுதல் இறுதி. நம் தூத்துக்குடி மாவட்டத்து ஜெஸ்வின் ஆல்ட்ரின் அதில் இருந்தார். அந்த ஆண்டு மார்ச்சில் 8.42 மீட்டர் தாண்டி தேசிய சாதனை படைத்தவர். தகுதிச் சுற்றில் சரியாக 8 மீட்டர் தாண்டி, பன்னிரண்டாவதாக, கடைசி ஆளாக உள்ளே வந்திருந்தார். மணல் குழிக்குப் பக்கத்து கேலரியில் இடம் கிடைத்திருந்ததால் டிவி காட்டாத வேலையெல்லாம் கண்ணில் பட்டது. ஓடுபாதையின் ஓரத்தில் ஒவ்வொருவரும் ஓட்டத்தைத் தொடங்கும் இடத்துக்கு அடையாளமாகத் தன் டேப்பைக் குனிந்து ஒட்டுகிறார்கள். ஒருமுறை தாண்டும் கோட்டைத் தாண்டி மிதித்துவிட்டால், அந்த டேப்பைப் பிய்த்துக் கொஞ்சம் தள்ளி ஒட்டுகிறார்கள். கேலரியின் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பயிற்சியாளர், "இன்னும் அரை அடி பின்னால்" என்பதை இரண்டு உள்ளங்கைகளுக்கு இடையில் அளந்து காட்டுகிறார். தாண்டுபவர் தலைக்கு மேல் கையைத் தட்டினால் முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கான பேர் அவருக்காகத் தாளம் போடுகிறார்கள். அப்போதைய விதிப்படி மூன்று தாண்டலுக்குப் பிறகு முதல் எட்டுப் பேர்தான் தொடர முடியும். ஜெஸ்வின் 7.77 மீட்டரோடு பதினொன்றாவதாக நின்றுவிட்டார். வருத்தம்தான். ஆனாலும் எழுந்து போக மனம் வரவில்லை. கிரீஸின் டென்டோக்லு தன் கடைசித் தாண்டலில் 8.52 போட்டுத் தங்கத்தை வாங்கினார். ஜமைக்காவின் பின்னாக் 8.50. இரண்டே சென்டிமீட்டர்.

வெயிலைப் பற்றி வேலூர்க்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இருந்தாலும் அங்கே அடித்த வெயிலில், பெண்கள் 5000 மீட்டர் தகுதிச் சுற்றைக் காலையிலிருந்து மாலைக்கு மாற்றிவிட்டார்கள். காலை டிக்கெட் மட்டும் வைத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டம். இப்படிப் போகிறவர்கள் அட்டவணையைத் தினமும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. முதல் நாள் இதற்கு நேர்மாறு: இடியும் மழையும் கொட்டி, ஆண்கள் 20 கிலோமீட்டர் நடைப் போட்டி இரண்டு மணி நேரம் தாமதமானது. நடையும் மாரத்தானும் ஹீரோஸ் சதுக்கத்துத் தெருக்களில்தான். பார்க்க டிக்கெட்டே வேண்டாம், ஓரத்தில் போய் நின்றால் போதும்.

நான் சொல்ல வந்தது ஆகஸ்ட் 26 மாலையைப் பற்றி. ஆண்கள் 4x400 தொடர் ஓட்டத் தகுதிச் சுற்று, நாலு பேர் தலா 400 மீட்டர். முகமது அனஸ், அமோஜ் ஜேக்கப், முகமது அஜ்மல், கடைசி ஆளாக நம் ராஜேஷ் ரமேஷ். திருச்சியில் ரயில்வே டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்தவர். கைமாற்றும் கோலான பேட்டன் அவர் கைக்கு வந்தபோது அமெரிக்காவோடு ஒட்டிக்கொண்டு ஓடுகிற நிலை, கடைசி வரை அவர் விடவே இல்லை. அமெரிக்கா 2:58.47, இந்தியா 2:59.05. முன்பு ஜப்பான் வசம் இருந்த 2:59.51 என்ற ஆசிய சாதனை அங்கேயே போயிற்று. பெரிய திரையில் நேரம் வந்ததும் மூவர்ணக் கொடி பிடித்திருந்த எங்கள் வரிசை போட்ட கூச்சலில், முன்னால் இருந்த ஜெர்மன் தம்பதி என்னவோ ஏதோ என்று திரும்பிப் பார்த்தார்கள். மறுநாள் இறுதியில் ஐந்தாவது இடம்.

அந்த மறுநாள், ஞாயிறு, எல்லோருக்கும் தெரியும். ஈட்டி எறிதலில் நீரஜ் சோப்ரா 88.17 மீட்டர், பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 87.82. உலகத் தடகளத்தில் இந்தியாவின் முதல் தங்கம். அதே ஈட்டியில் கிஷோர் ஜெனா ஐந்தாவது, டி.பி. மனு ஆறாவது. அதே இரவில் பாருல் சவுத்ரி பெண்கள் ஸ்டீபிள்சேஸில், அதாவது தடைகளையும் தண்ணீர்க் குழியையும் தாண்டி ஓடும் 3000 மீட்டரில், 9:15.31 ஓடித் தேசிய சாதனை படைத்து, பாரிஸ் ஒலிம்பிக்குக்கும் தகுதி பெற்றார். ஊருக்கு வந்து விசாரித்தால் நீரஜைத் தவிர ஒரு பெயரும் யாருக்கும் தெரியவில்லை. ஈட்டி இறுதி தொடங்கியபோதே நம் ஊரில் மணி இரவு 11.45. உங்கள் பதிப்பு அச்சுக்குப் போகும் அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனால் போட்டிக்கு முந்தின வாரம் என்ன அவசரம்? 2025 டோக்கியோ உலகப் போட்டியிலும் இதே கதைதான். நீரஜ் எட்டாவதாக வந்ததைப் பேசியவர்கள், சச்சின் யாதவ் 86.27 எறிந்து நாலாவதாக வந்ததைப் பேசவில்லை.

ஐரோப்பாவுக்கு எல்லோராலும் போக முடியாது, சரி. வேலூருக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. ஒரு பக்கம் சென்னை, ஒரு பக்கம் பெங்களூரு. 2025 ஜூலை 5 அன்று பெங்களூரு கந்தீரவா மைதானத்தில் நீரஜ் பெயரில் சர்வதேச ஈட்டிப் போட்டி நடந்தது. காட்பாடியில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் பிடித்து, தங்கை மகனோடு போய்ப் பார்த்துவிட்டு ராத்திரி பஸ்ஸில் திரும்பினேன். நீரஜ் 86.18, கென்யாவின் யெகோ 84.51, மூன்றாவதாக இலங்கையின் ருமேஷ் பதிரகே. ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய யெகோவை, விசாவும் விமானமும் இல்லாமல் பார்த்தாயிற்று.

இதற்கு மாறாக, 2024 செப்டம்பர் 11 முதல் 13 வரை சென்னை நேரு விளையாட்டரங்கில் தெற்காசிய ஜூனியர் தடகளம் நடந்தது. காட்பாடியிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம்கூட முழுசாக ஆகாது. அது நடப்பதே எனக்கு முடிவுகள் பத்திரிகையில் வந்த பிறகுதான் தெரியும். 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் எங்கள் ஊர் சதீஷ் சிவலிங்கம் பளுதூக்கித் தங்கம் வாங்கியபோது சத்துவாச்சாரியே தெருவுக்கு வந்தது. ஆர்வம் இல்லாத ஊர் இல்லை இது. எப்போது, எங்கே என்று யாராவது சொன்னால் போவார்கள், மாவட்டத்துப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவார்கள்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. சென்னையிலோ பெங்களூருவிலோ தடகளப் போட்டி நடந்தால் ஒரு வாரம் முன்பே ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள்: எந்த நாள், எந்த நேரம், எந்த வாசல், டிக்கெட் எங்கே. வெளிநாட்டுப் போட்டி என்றால் இந்திய நேரத்தோடு, தமிழக வீரர்களின் தகுதிச் சுற்றையும் சேர்த்துப் போடுங்கள், இறுதிப் போட்டியை மட்டும் அல்ல. அடுத்த உலகப் போட்டி 2027 செப்டம்பரில் பெய்ஜிங்கில். இடம் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள், வார ராசிபலனைக் கொஞ்சம் சுருக்கினாலே கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
இரா. ச.,
வேலூர்