காக்கா, புல்தரையை எடுத்துவிட்டேன்

என் அண்ணனான அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா மௌத்தாகி, நம்மை விட்டுப் பிரிந்து, இந்தப் பங்குனியோடு ஒரு வருஷம். போனில் சொன்னால் பாதியிலேயே இரண்டு பேருக்கும் குரல் உயர்ந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

வாப்பா வீட்டு வளவில் நீங்கள் போட்ட புல்தரை இப்போது இல்லை. அதற்கு அடியில் லாரியில் வந்து இறங்கிய செம்மண்ணும் இல்லை. போர்வெல்லை மூடியாயிற்று. வாப்பாவின் பாட்டுக்காக நாம் நடத்தும் வசந்த விழா மாசியிலிருந்து சித்திரைக்கு மாறுகிறது. நான்கையும் உங்களைக் கேட்காமல்தான் செய்தேன். அறக்கட்டளைக் கூட்டத்தில் சம்மதம் வாங்கினேன், உங்களிடம் வாங்கவில்லை. அது தப்புதான். கேட்டிருந்தால் ஆவணி போய் ஐப்பசி வந்திருக்கும், மழை பெய்திருக்கும், இன்னொரு வருஷம் வீணாகியிருக்கும். அதுவும் உண்மைதான்.

கணக்கைச் சொல்கிறேன், கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பாருங்கள். உள்வளவு 40 அடிக்கு 30 அடி. 1,200 சதுர அடி. நம் இராமநாதபுரம் மாவட்டத்துக்கு வருஷத்தில் சராசரி மழை 820 மில்லிமீட்டர் அளவுதான், அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். வாடைக்காலத்தில் 500 மில்லிமீட்டர் விழுந்தால் அந்த வளவுக்குள் மட்டும் சுமார் 55,000 லிட்டர் இறங்கும். வெறும் மணலாக இருந்தவரை அது பெரும்பாலும் கீழே போய்க் கிணற்றைச் சேர்ந்தது. நீங்கள் கொட்டியது அரை அடிச் செம்மண். உருளை வைத்து இறுக்கியதும் தட்டு மாதிரி ஆகிவிட்டது. மழை அதன் மேல் ஓடி வாசல் வழியாகத் தெருவுக்குப் போனது. அதே புல்லுக்கு வெயில் காலத்தில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும், அதாவது சுமார் 550 லிட்டர். நூறு நாளில் 55,000. ஒரு பருவமழை முழுவதையும் அந்தப் புல் நூறே நாளில் குடித்தது, உள்ளே இறங்க வேண்டியதையும் தடுத்தது.

நம் கடற்கரை மணலுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டுதான் இருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், அதன் எடை கீழே ஏறத்தாழ 40 அடிக்கு உப்பை அழுத்தி வைத்திருக்கும். கடல் ஏறி இறங்கும் வேலியேற்றத்தில் உப்பும் கலந்துகொண்டே இருப்பதால் நடைமுறையில் அதைவிடக் குறைவு. மேலே ஒரு அடி இறைத்துவிட்டால் கீழேயிருந்து உப்பு கூம்பு போல ஏறி வரும். உம்மாவின் காலத்தில் காலையில் முப்பது வாளி, மாலையில் முப்பது வாளி. வாளிக்குப் பத்து லிட்டர். இடையில் கிணறு மூச்சு விட்டது. நீங்கள் இறக்கிய ஒரு குதிரைத்திறன் மோட்டார் அந்தப் பல நாள் தண்ணீரை ஒரே மூச்சில் எடுத்தது.

போர் போட்ட அன்றைக்கு நடந்ததை எழுதாமல் இருக்கத்தான் பார்த்தேன். 90 அடியில் தண்ணீர் பீறிட்டது. நீங்கள் சட்டையெல்லாம் நனைந்து சிரித்துக்கொண்டு, "வாப்பா வீட்டுல இனிமே தண்ணிப் பஞ்சமே இல்ல" என்றீர்கள். அந்தச் சிரிப்பு அச்சு அசல் வாப்பாவின் சிரிப்பு. உம்மா துப்பட்டியை இழுத்துக்கொண்டு பின்வாசலில் இறங்கி வந்தார்கள். உள்ளங்கையில் கொஞ்சம் பிடித்து நாக்கில் வைத்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. கையில் மிச்சமிருந்ததைக் காலடியில் இருந்த மருதாணி வேரில் விடாமல், பத்து எட்டு நடந்து போய்த் துவைகல்லின் மேல் ஊற்றினார்கள். பிறகு உள்ளே போய்விட்டார்கள். நீங்கள் அதைப் பார்க்கவில்லை, லாரிக்காரருக்குப் பணம் எண்ணிக்கொண்டிருந்தீர்கள். நான் பார்த்தேன். என் கையில் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் இருந்தது. 3,900 காட்டியது. குடிநீருக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை. நான் மீட்டரை அணைத்துப் பைக்குள் போட்டேன். போர் ரசீதில் சாட்சிக் கையெழுத்தும் என்னுடையதுதான்.

அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். உம்மாவிடம் கேட்கத்தான் முடியாமல் போனது. ஆனால் காக்கா, செலவு உங்களுடையது, முடிவும் உங்களுடையது, நான் வாயைத் திறந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று உங்களுக்கே தெரியும். உம்மாவுக்குக் கத்தம் ஓதிய அன்று நாம் பேசியதை இங்கே எழுத மாட்டேன். இதை ஊர்க்காரர்களும் அறக்கட்டளைக்காரர்களும் வாசிப்பார்கள். பணக் கணக்கும் அப்படித்தான், அது தனியாக உங்களுக்கு வரும்.

அமெரிக்காவில், அமெர்ஸ்ட்டில், கவிஞர் எமிலி டிக்கின்சன் வீட்டைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்துதான் உங்களுக்கு இந்தப் புல்தரை ஆசை. ஆசையைக் குறை சொல்லவில்லை. வாப்பாவுக்கும் அப்படி ஒரு இடம் வேண்டும் என்று நினைத்தது நீங்கள் ஒருவர்தான். ஆனால் அது வருஷம் முழுக்க மழையோ பனியோ விழும் ஊர். அங்கே நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. அவருடைய செடிகள் இருந்த கண்ணாடி அறையை 1916இல் பிரித்துவிட்டார்கள். 2017இல் திரும்பக் கட்டும்முன் மண்ணைத் தோண்டி அஸ்திவாரத்தைத் தேடினார்கள். பத்திரமாக வைத்திருந்த பழைய ஜன்னல்களையே மாட்டினார்கள். எந்தச் செடி என்று பார்ப்பதற்கு அவர் சின்ன வயதில் காயவைத்து ஒட்டிய 424 செடிகள் இருக்கின்றன. முதலில் தேடு, பிறகு நடு என்பதுதான் அங்கே நடந்தது.

நம்மிடம் ஒட்டிய செடி இல்லை. உம்மாவின் வாய்ச்சொல் இருந்தது, கடைசி ஆறு மாதம் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் எழுதினேன். ஆவணியில் செம்மண்ணை மண்வெட்டியால் வழித்தோம், ஜே.சி.பி. உள்ளே விடவில்லை. அதற்குக் கீழே ஒரு விரற்கடை ஒரு விரற்கடையாகக் கொத்துக்கரண்டியால் எடுத்தோம். ஒரு சாண் ஆழத்தில் சங்கு வந்தது. வளையல் அறுத்த பிறகு மிஞ்சும் உடைந்த சங்குகளைத் தலைகீழாக நட்டுப் பாத்தி வரம்பு கட்டியிருக்கிறார்கள். நான்கு பாத்தி, நான்கும் முழுசாக. தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும் கல்லிலிருந்து மாதுளைக்குப் போன சுண்ணாம்பு வாய்க்காலும் கிடைத்தது, நான்கு விரல் அகலம். உம்மா சொன்ன இடத்திலேயே இருந்தது. அதை நீங்கள் வந்து பார்த்தே ஆக வேண்டும். ஒளுத் தண்ணீரில் சோப்பு இருக்காது என்பதால் இப்போதும் அது மாதுளைக்குத்தான் போகிறது.

மல்லிகையைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதுதான் விழாத் தேதியை முடிவு செய்தது. குண்டுமல்லியைக் கார்த்திகை நடுவில், நவம்பர் கடைசி வாரத்தில் கவாத்து செய்ய வேண்டும். அதற்கு முன் சில நாள் தண்ணீரை நிறுத்தி, தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு எல்லாக் கிளையையும் வெட்டி, இலையைத் தட்டிவிட்டு, செடிக்குப் பத்து கிலோ மக்கிய தொழுவுரம் வைக்க வேண்டும். பூ புதுத் தளிரில்தான் வரும். மாசிக் கடைசியில் தொடங்கிப் பங்குனி, சித்திரையில் குவியும். போன வருஷம் விழாவுக்கு வளவு "சுத்தமாக" இருக்க வேண்டும் என்று தை மாதத்தில் வெட்டச் சொன்னீர்கள். வெட்டினோம். தளிர் பிந்தியது. விழாவுக்கு ஒரு பூ இல்லை. சித்திரையில் வந்த மொட்டும் உப்புத் தண்ணீரில் கருகிக் கொட்டியது. இலையின் ஓரம் தீ பட்டது போல் பழுத்தால் அது பூச்சி இல்லை, உப்பு. மருந்தடித்துப் பிரயோஜனம் கிடையாது.

பழைய செடியில் ஒன்பது பிழைத்தது. ஐப்பசியில் தங்கச்சிமடத்திலிருந்து வேர்விட்ட நாற்று 15 வாங்கி வந்தோம். நாலடிக்கு நாலடி இடைவெளி, ஒரு அடிக்குழி. மணலில் தொழுவுரமும் மக்கிய பனையோலைத் தூளும் பாதிக்குப் பாதி. சிலர் கரையொதுங்கும் பாசியை அப்படியே போடச் சொன்னார்கள். பருவமழை முழுக்க நனைந்து உப்புக் கழுவினால் ஒழிய அதைப் போடக் கூடாது.

தண்ணீர் பானை வழியாகத்தான். எட்டு லிட்டர் பிடிக்கும், வர்ணம் பூசாத, வாய் குறுகிய மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, ஓட்டை இல்லாத தட்டால் மூடிவிட்டால் நாலு நாள் கசியும். வாங்கும்போது தண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி வைத்துப் பார்க்க வேண்டும். வெளிப்பக்கம் வியர்க்காத பானை வீட்டுக்கு உதவும், தோட்டத்துக்கு உதவாது. வருஷம் ஒருமுறை தோண்டி எடுத்து நல்ல தண்ணீரில் ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேய்க்காவிட்டால் கண்துளை உப்பால் அடைந்துவிடும். 24 பானைக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர்கூட ஆகவில்லை. ஐந்து வாளி.

சுவரையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். பவளக்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட சுவருக்கு மூன்றடிக்குள் எந்தச் செடிக்கும் தண்ணீர் விடுவதில்லை. கீழே பூசிய சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டோம், அது ஈரத்தை உள்ளே பூட்டி உப்பைப் பொரியவைத்தது.

தெற்குச் சுவரோரம் பூவரசம் போத்து நட்டிருக்கிறோம். மணிக்கட்டுத் தடிமன், ஐந்தடி நீளம், ஒன்றரை அடி மண்ணுக்குள். ஐப்பசி ஈரத்தில் நட்டதால் பன்னிரண்டில் பத்து துளிர்த்துவிட்டது. கச்சான் காற்று வலுக்கும்முன் அதற்கு இலை கட்ட வேண்டும், அதுவரை பனையோலைத் தட்டி.

விழா சித்திரை முதல் வாரத்துச் சனிக்கிழமை. மாசியும் பங்குனியும் இந்த இரண்டு மூன்று வருஷம் நோன்போடு மோதுகிறது. ஏப்ரல் 15இல் தொடங்கும் 61 நாள் தடைக்காலத்தில்தான் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். வாப்பாவின் பாட்டை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஆட்கள் அவர்களில்தான் இருக்கிறார்கள், போன மூன்று விழாவிலும் அவர்கள் கடலில் இருந்தார்கள். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு தொடங்கி, பொழுது சாயும் மஃரிபுக்கு முடித்துவிடுவோம். முதலில் சீறாப்புராணத்தில் நாட்டுப் படலம். அரபு நாட்டுக்கு மழையும் ஆறும் வயலுமாக உமறுப்புலவர் பாடிய பகுதி, அந்த மணலில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அப்புறம் வாப்பா. பந்தலுக்குக் குழி தோண்டுவதில்லை, மணல் நிரப்பிய டிரம்மில் மூங்கில் நிற்கும். நாற்காலி இல்லை, பாய்தான். அறுபது பேருக்கு மேல் உள்ளே விட்டால் வேர்மேல் மிதிபடும், மிச்சப் பேர் திண்ணையில். விளக்குப் போடும் நேரத்துக்கு மல்லிகை விரியும்.

இதற்கு வருவீர்களா என்று கேட்க மாட்டேன். மூன்று வருஷம் உம்மா கேட்டார்கள்.

கிணற்றுக்கு அடுத்த வேலை ஆனியில். தண்ணீர் அடியில் நிற்கும்போது சேற்றை மட்டும் அரை அடி வார வேண்டும். ஆழப்படுத்தச் சொல்லுவார்கள், படுத்தக் கூடாது, நல்ல தண்ணீரின் கீழ்விளிம்பை நாமே குத்திவிடுவோம். மோட்டார் ஓடிய காலத்தில் கிணற்றுத் தண்ணீர் மீட்டரில் 1,740 காட்டியது. இந்தத் தை மாதம் 1,120. இன்னும் இரண்டு நல்ல மழை வேண்டும்.

உங்கள் மோட்டாரை விற்கவில்லை. கழற்றி, எண்ணெய் போட்டு, சாக்கில் சுற்றி மாடிப்படிக்கு அடியில் வைத்திருக்கிறேன். போர்க் குழாயும் அங்கேதான் இருக்கிறது. வந்தால் எடுத்துப் போங்கள். வரும்போது வாளிக்கயிறு ஒன்று, தேங்காய் நார்க்கயிறு, நாற்பதடி, வாங்கி வாருங்கள். இங்கே இப்போது நைலான்தான் கிடைக்கிறது, கையை அறுக்கிறது.

உங்கள் தங்கச்சி