கோட்டுக்கு வெளியே நின்றவர்கள்: ஒரு நன்றி மடல்

அன்புக்குரிய எல்லோருக்கும்,

எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) இஸ்தோப்பில், அதாவது முன் விறாந்தையில், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே தொங்கிய, இலங்கை மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளையின் படம், போன ஞாயிற்றுக்கிழமை புதுப் பிரதியாக வாசிகசாலைச் சுவரில் ஏறியது. கைகொடுத்த எல்லோரையும் நேரில் பார்க்க முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

அது பத்திரிகைக்காக எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அச்சகத்தில் வேலை பார்த்த கூட்டாளி ஒருவர் தாத்தாவுக்குக் கொடுத்தாராம். தாத்தா தோட்டக் கமிட்டித் தலைவராக இருந்தவர். மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, 1947இல் தலவாக்கலையில் வென்று பாராளுமன்றம் போன சி.வி.யை "நம்ம ஆளு" என்றுதான் சொல்வார். அடுத்த வருசமே வந்து, தோட்டத் தமிழரில் பெரும்பாலானோரின் குடியுரிமையைப் பறித்த பிரஜாவுரிமைச் சட்டத்தைப் பற்றிப் பேசினால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார். எழுத்துக் கூட்டித்தான் அவருக்கு வாசிக்கத் தெரியும். சி.வி. எழுதிய 'வீடற்றவன்' நாவலை ராவில் நான் வாசிக்க வாசிக்க, அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து கேட்பார்.

போன மழையில் கூரைத் தகரம் ஒழுகி, படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரேம் மாற்றக் கொண்டுபோன கடையில் இழுத்துப் பார்த்தார்கள். கீழ்மூலையில் நகமளவு உரிந்து கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. அன்றைக்கு பஸ்ஸில் அழுதுகொண்டுதான் வந்தேன்.

ஹட்டன் ஸ்டூடியோ அண்ணா, முதல் நன்றி உங்களுக்கு. "இனி யாரும் இதை இழுக்கக் கூடாது தங்கச்சி" என்று வாங்கி வைத்தீர்கள். படத்தின் மேல் இருப்பது ஜெலட்டின், ஈரம் பட்டால் பசை மாதிரி ஆகிவிடும் என்று விளங்கப்படுத்தினீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே படம் பிடித்தீர்கள். இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு. கண்ணாடியில் கமராவின் பிம்பம் விழாமல் கறுப்புத் துணி, அதில் லென்ஸுக்கு மட்டும் ஓட்டை. ஒரு பகல் முழுக்க நின்றுவிட்டு, காசு என்றதும் கையை ஆட்டிவிட்டீர்கள். அண்ணி ஊற்றித் தந்த தேத்தண்ணியையும் மறக்கவில்லை.

அப்புறம் கம்ப்யூட்டரில் பெருப்பித்துப் பார்த்தபோதுதான் மங்கிய சிவப்புக் கோடுகள் தெரிந்தன. கொழும்பில் பத்திரிகை வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா, நீங்கள்தான் போனில் சொன்னீர்கள்: கோட்டுக்குள் இருப்பது மட்டுமே அச்சுக்குப் போகும், மிச்சத்தை விட்டுவிடுவார்கள் என்று. கோட்டுக்குள் சி.வி.யின் முகமும் சட்டைக் கழுத்தும். வெளியே, தலையில் கயிறு போட்டுக் கொழுந்துக் கூடை சுமந்த நாலு பெண்கள். இத்தனை வருசம் பழைய பிரேமின் சட்டத்துக்கு அடியில் பாதி மறைந்து நின்றிருக்கிறார்கள். நாங்களும் கவனிக்கவில்லை.

மேல் லயத்து அப்பாயி, உங்களுக்கு என்ன சொல்ல! போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, "இது எங்க பெரியம்மா. ரெண்டு பக்கமும் மூக்குத்தி, பாரு" என்றீர்கள். பக்கத்தில் நிற்பவரையும் நீங்கள்தான் அடையாளம் சொன்னீர்கள். அதற்கப்புறம் விரலால் அந்த முகத்தைத் தடவிக்கொண்டே இருந்தீர்கள். திரை அணைந்துவிட்டதைக்கூடப் பார்க்கவில்லை.

கண்ணாடியும் படமும் தொடாதபடி அட்டை வைத்து பிரேம் அடித்த தச்சு வேலைக்கார அண்ணனுக்கும், பழைய படத்தைக் கண்ணாடியோடு துணியில் சுற்றித் தன் அலுமாரியில் ஈரம் படாமல் வைத்திருக்கும் மாஸ்டருக்கும், சம்பளத்தன்று கையில் இருந்ததைக் கொடுத்த பெரட்டுக்களத்து (காலையில் வேலைக்குப் பேர் பதியும் இடத்து) அக்காமாருக்கும் நன்றி.

புதுப் பிரதியில் கோட்டுக்கு வெளியே இருந்தவர்களும் முழுசாக இருக்கிறார்கள். கீழே சி.வி.யின் பெயரோடு அந்த இரண்டு பேரின் பெயரையும் எழுதியிருக்கிறோம். மற்ற இரண்டு பேருக்கும் இடம் விட்டிருக்கிறோம். ஒருவர் கூடைக் கயிற்றுக்குக் கீழே வெள்ளைத் துணி மடித்துப் போட்டிருக்கிறார். மற்றவர் சிரிப்பை மறைக்க வாயில் கை வைத்திருக்கிறார். யாருக்காவது அடையாளம் தெரிந்தால், ஞாயிறு காலையில் வாசிகசாலை திறந்துதான் இருக்கும், வந்து சொல்லுங்கள்.

அன்புடன்,
தலைவர் வீட்டுப் பேத்தி