வாக்குச்சாவடியாகும் வகுப்பறையில் வாக்கைப் பற்றிப் பேசலாமா?

பள்ளிக் கல்வியை நிர்வகிக்கும் அலுவலர் பெருமக்களுக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடவேளையில் நான் ‘அரசியல் பேசியது’ குறித்து விளக்கம் கேட்டு வந்த குறிப்பாணைக்கு உரிய வழியில் பதில் அனுப்பிவிட்டேன். பின்னணி தங்களுக்குத் தெரியும். கோப்பில் ஏறாத ஒன்றைச் சொல்லவே இந்த மடல்.

2025 ஆகஸ்ட் 15 அன்று தாத்தாவோடு கிராம சபைக்குப் போய்வந்த மாணவன் ஒருவன், திங்கட்கிழமை ‘உள்ளாட்சி அமைப்புகள்’ பாடத்தின் நடுவே எழுந்தான். “சார், அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை தேர்தல்னு புத்தகத்துல இருக்கு. எங்க ஊர்ல தலைவரே இல்லையே, ஏன்?” என்று கேட்டான். 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனதைச் சொன்னேன். பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்னும் அரசமைப்பின் 243-இ பிரிவையும், வார்டு மறுவரையறை முடியவில்லை என்று அரசுத் தரப்பில் அப்போது கூறப்பட்ட காரணத்தையும் சேர்த்தே சொன்னேன். எந்தக் கட்சியின் பெயரும் என் வாயில் வரவில்லை.

குறிப்பாணை வந்த செய்தி ஊருக்குள் பரவிய மறுநாள், மதிய உணவு வேளையில் அந்த மாணவன் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. கதவு நிலையை நகத்தால் சுரண்டியபடியே, “சாரி சார், இனிமே எதுவும் கேக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனான். சொன்ன சொல்லை இன்றுவரை காப்பாற்றுகிறான். கடும் தண்டனைக்கு வழிவகுக்கும் 17-பி ஒழுங்கு நடவடிக்கை வரை போகுமோ என்று சக ஆசிரியர்கள் எனக்காக அஞ்சுகிறார்கள். எனக்கு உறுத்துவது அந்தப் பையனின் ஒழுங்கான மௌனம்தான்.

கட்சிப் பிரச்சாரத்துக்கும் அரசியல் கல்விக்கும் இடையிலான எல்லையைத் தெளிவாக எழுத்தில் தாருங்கள் என்பதே என் கோரிக்கை. இது புதுமையன்று. ஆசிரியர் தம் கருத்தை மாணவர்மேல் திணிக்கக் கூடாது, பொதுவெளியில் சர்ச்சைக்குரியதாக இருப்பதை வகுப்பிலும் அவ்வாறே பல கோணங்களில் முன்வைக்க வேண்டும் என்று ஜெர்மனியில் 1976லேயே பாய்டல்ஸ்பாக் என்ற ஊரில் கூடிப் பேசி ஒரு வரையறைக்கு வந்தார்கள். இங்கோ, வரம்பு எது என்பதே மீறிய பிறகுதான் தெரியவருகிறது.

தேர்தல் வந்தால் இதே வகுப்பறைதான் வாக்குச்சாவடி. இதே கரும்பலகையின் கீழ் உட்கார்ந்து, வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக பதிவான வாக்குகளின் கணக்கைக் காட்டும் 17-சி படிவத்தை நிரப்பி, முகவர்களிடம் கையொப்பம் வாங்கியிருக்கிறேன். வாக்காளர் பட்டியலோடு வீடு வீடாக ஏறி இறங்கவும் ஆசிரியர்தான் வேண்டும். அப்போதெல்லாம் எங்கள் நடுநிலையை யாரும் சந்தேகிப்பதில்லை. சாக்பீஸைக் கையில் எடுத்தால்தான் சந்தேகம் வருகிறது போலும்! 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்ததை மேடைதோறும் பெருமையாகப் பேசும் ஊரில், ஒரு மாணவன் பெஞ்சிலிருந்து எழுந்தது குற்றமாகிவிட்டது. வாக்குரிமை வயது 18 ஆகி, 1989 முதல் நடைமுறையில் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் சிலர் சீருடை கழற்றும் முன்பே வாக்காளர் ஆகிவிடுகிறார்கள். அவர்களுக்கும் ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ மட்டும் போதும் என்கிறீர்களா?

வார்த்தை சற்றுத் தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். என் மீதான குறிப்பாணையை முடித்துவைக்கும் உத்தரவு தாமதமானாலும் பரவாயில்லை. வகுப்பில் எதைப் பேசலாம், எப்படிப் பேசலாம் என்ற வழிகாட்டுதலை மட்டும் அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன் எழுத்தில் தந்துதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஜூனில் வேறொரு ஒன்பதாம் வகுப்பு வந்து உட்காரும்; பாடம் அதேதான்.

இப்படிக்கு,
சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவர்
(பெயரை எழுதாத காரணத்தைத் தாங்கள் அறிவீர்கள்.)